மாப்பிள்ளைக்கு ஒரு கேமரா சந்தேகம்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அணை கட்டுகிற இடத்தில் வெயில் ஆளையே சுருட்டுகிறது என்று செய்தியில் பார்த்தேன். அளவெடுக்கும் கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு நாள் பூராவும் அதன் பக்கத்திலேயே நிற்கிற வேலை உங்களுக்கு. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாத மனிதர் இப்போது எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். வேறொன்றுமில்லை, ஒரு கேமரா சந்தேகம். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் உங்கள் பக்கம் குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தவிர, போனில் நமக்குப் பேச்சு வராது. “அப்புறம்?” என்று நான் கேட்பேன், “அப்புறம் ஒண்ணுமில்ல மாமா” என்று நீங்கள் சொல்வீர்கள், அதோடு சரி.

விஷயம் இதுதான். போன வாரம் வாலுவின் பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டி. பத்து நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. “தாத்தா, நான் குதிக்கிறத எடுக்கணும், நீந்துறத எடுக்கணும், ஜெயிக்கிறத எடுக்கணும்” என்று எனக்கு மூன்று கட்டளை. நான் ஒரு மணி நேரம் முன்பே போய், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, குளத்தின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் இரண்டு முறை என்னைத் தள்ளிப்போகச் சொன்னார். தள்ளிப்போகிற மாதிரி போய்விட்டுத் திரும்பி வந்தேன். விசில் ஊதினார்கள். குதித்தாள். அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு கேமரா நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போனது கீழே இறங்கவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைக் கழற்றி மாட்டினேன். தலை நிமிர்ந்து பார்த்தால் பிள்ளைகள் துண்டு சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

உங்கள் அத்தை போனில் எடுத்தாள். பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் அவளுடைய கட்டைவிரல் ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கிறது.

வாலு ஓடி வந்து, “எல்லாம் எடுத்தியா தாத்தா?” என்றாள். படம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, ரிப்பேர்க்காரர் எடுத்துக் கொடுப்பார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். தினமும் கேட்கிறாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் அதைப் பராமரிப்பது பெரிய வேலையாக இருக்கிறது.

ரிப்பேர்க்காரர் உதிரிபாகம் வெளியிலிருந்து வர வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார். அதனால் இன்னொரு கேமரா வாங்கி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். முன்பே செய்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். ஒரு லிஃப்டைத் தாங்க ஒரு கம்பிக்கயிறு போதும், நாங்கள் ஐந்து போடுகிறோம். ஐந்தும் அறுந்தாலும் பிடித்து நிறுத்தத் தனியாக ஒரு பிடிப்பான் வைக்கிறோம். அப்படிப்பட்டவன் பேத்தியின் போட்டிக்கு ஒற்றைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. பழைய கேமரா கடையில் என்னுடையதைப் போலவே ஒன்று கிடக்கிறது, மூன்று வருஷம் பழையது. என் லென்ஸ், பேட்டரி எல்லாம் அதற்குப் பொருந்தும். இரண்டாவது, சட்டைப்பையில் போடுகிற சின்னக் கேமரா. லென்ஸ் மாற்ற முடியாது, ஆனால் எங்கேயும் கொண்டு போகலாம். மூன்றாவது, உங்கள் அத்தையின் வழி: “போன் இருக்குல்ல, அது போதும்.” அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொல்கிறாள்.

எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். உங்களைக் கேட்காமல் வாங்க மனம் வரவில்லை. எந்த வேலையானாலும் முதலில் அளந்து பார்த்து, பிறகு எழுதி வைத்து, பிறகுதான் வாய் திறப்பீர்கள். அதே மாதிரி யோசித்துச் சொல்லுங்கள்.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போட வேண்டாம். எங்கள் கம்பெனி விலாசத்துக்கே போடுங்கள். உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாமா

---

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் ஸ்டோர்கீப்பர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், எடை போட்டு அனுப்பியிருக்காங்களா?” என்றார். நாலு பக்கம். இரண்டு படம் வரைந்து அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறீர்கள். இரண்டாவது கேமரா என்றால் முதல் கேமராவின் இரட்டைப் பிள்ளையாக இருக்க வேண்டும், பொத்தான்கள் அதே இடத்தில் இருந்தால்தான் அவசரத்தில் விரல் தடுமாறாது என்று நீங்கள் எழுதியது சரிதான். அதை நான் யோசிக்கவில்லை. இருட்டு அறையில் எங்கள் கை தானாகப் போய் ஸ்விட்சைத் தொடுவதும் அப்படித்தான்.

நாலு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம் கேமரா. கடைசியில் ஒரு வரி, வாலு போட்டியை முடித்தாளா என்று. முடித்தாள். ஆறு பேரில் நாலாவது. பாதி வழியில் நின்று கண்ணாடியைச் சரிசெய்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கையசைத்துவிட்டு மறுபடி நீந்தினாளாம். இதுவும் உங்கள் அத்தை சொல்லித்தான் தெரியும். நான் அப்போது பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் கீழே, கையெழுத்துக்குப் பிறகு, அவசரமாக எழுதியது போல இன்னொன்று. ‘எதையும் வாங்க வேண்டாம் மாமா. என்னுடைய பழைய கேமரா வீட்டில்தான் இருக்கிறது, பீரோ மேல் சாம்பல் நிறப் பை. சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.’

நீங்கள் சுலபமாக எழுதிவிட்டீர்கள். பீரோ யார் வீட்டில் இருக்கிறது? நான் போய் எப்படிக் கேட்பேன்? நான் உங்களுக்கு எழுதுவதே என் மகளுக்குத் தெரியாது. நாலு நாள் யோசித்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வாலுவைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் போனேன். அவள் அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்திருந்தாள். அன்றைக்கு ஒன்பது நோயாளிகளாம். எல்லாருக்கும் தோளையும் முட்டியையும் நீவிவிட்டு வந்து, தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கேமரா ரிப்பேர், இங்கே பழையது ஒன்று இருக்குமே என்று பொதுவாகச் சொன்னேன். யார் சொன்னார்கள் என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

எட்டு மாதம் பீரோ மேல் கிடந்த பையில் தூசி இல்லை. திறந்தேன். பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். நான் அவளுடைய அப்பா. அவள் மறைத்து வைத்ததை நான் வெளியே சொல்வது தப்பு. தப்பென்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கேமராவை ஓட்டிப் பார்த்தேன். கார்டில் முன்னூறு படத்துக்கு மேல் இருக்கிறது. எல்லாம் நீங்கள் போன பிறகு எடுத்தவை. வாலுவுக்கு முன்பல் விழுந்தது, அந்தப் பல் உள்ளங்கையில் இருப்பது. சைக்கிளில் சின்னச் சக்கரங்களைக் கழற்றின பிறகு முதல் தடவை விழாமல் ஓட்டியது. காய்ச்சலில் படுத்திருந்தது. கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்தது, மாசா மாசம், தேதி தெரிகிற மாதிரி. பாதி படத்தில் குவியம் சரியில்லை. முதலில் எடுத்தவை எல்லாம் கலங்கல், போகப் போகத் தெளிகிறது. “ஒரு மனுஷனுக்கு ரெண்டு கண்ணு போதாதா, மூணாவது எதுக்கு?” என்று நம் இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் திட்டினவள், யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

டீயோடு வந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. “யாரைக் கேட்டு பாக்குறீங்க?” என்றாள். யாருக்காக எடுத்தது என்று கேட்டேன். “யாருக்கும் இல்ல. சும்மா” என்றாள். கேமராவை வாங்கி, கார்டைக் கழற்றி, கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். “கேமரா உங்களுக்கு, கார்டு எனக்கு” என்றாள். டீயை நான் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று நாள் உங்கள் கேமராவை வைத்திருந்தேன். நல்ல கேமராதான், கொஞ்சம் கனம். வேறு கம்பெனி என்பதால் என் லென்ஸ் எதுவும் ஒட்டவில்லை. பெரிதாக்கும் வளையம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மேலிருந்து படிக்கட்டை எடுக்கப் போய், கிட்டே வரவேண்டியது தூரப் போய்விட்டது. நாலாம் நாள் கொண்டுபோய் பீரோ மேலேயே வைத்துவிட்டேன். காரணம் லென்ஸ் அல்ல. நீங்கள் நினைக்கிற மாதிரி அது சும்மா கிடக்கிற கேமரா இல்லை மாப்பிள்ளை. தினம் வேலையில் இருக்கிற கேமரா. அதை நான் எடுத்துக்கொண்டால் அந்த வீட்டுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே எனக்குத் தனியாக ஒன்று வாங்கத்தான் வேண்டும். இரட்டைப் பிள்ளையா, சட்டைப்பைப் பிள்ளையா என்று மறுபடி யோசனையில் இருக்கிறேன். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

அன்புடன்,
மாமா

---

சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரமாகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதமா, அல்லது நான் எழுதியது உங்களைச் சங்கடப்படுத்திவிட்டதா, தெரியவில்லை. ஸ்டோர்கீப்பர் என்னைப் பார்த்ததும் தானாகவே தலையை ஆட்டிவிடுகிறார்.

கேமரா வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும். சின்னதைத்தான் வாங்கினேன். வாலுவையும் கூட்டிப் போயிருந்தேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஏழெட்டை வரிசையாக வைத்தார். எந்தக் கேமராவைத் தொட்டாலும் “இது ஒரு டாக்டர் வச்சிருந்தது சார், ரெண்டு தடவைதான் அமுக்கியிருக்காரு” என்கிறார். ஊரில் இத்தனை டாக்டர்களும் கேமரா வாங்கி அமுக்காமலே விற்றிருக்கிறார்கள். பெரியதையும் கையில் வாங்கிப் பார்த்தேன். பொத்தான்கள் அதே இடத்தில், நீங்கள் எழுதியபடியே. ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவது கேமரா தேவைப்படுவது எப்போது? வேலை நடுவில், கையில் கிரீஸோடு, கூரை அறையின் கதவைத் திறந்ததும் வெளிச்சம் வந்து விழுகிற அந்த நேரத்தில். அப்போது பெரிய பை கீழே வேனில் இருக்கும். இரண்டையும் பெரிதாக வாங்கினால் இரண்டுமே வேனில்தான் இருக்கும். கூட இருக்கிறதுதானே உதவும்?

இன்னொன்று, வாலுவின் கைக்கு அது அடங்குகிறது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். கடை வாசலிலேயே வாங்கித் தன் செருப்பை நாலு படம் எடுத்துவிட்டாள். நீச்சல் படம் உள்ளே மாட்டிக்கொண்டது பொய் என்றும் அவளிடம் சொல்லிவிட்டேன். “எனக்குத் தெரியும் தாத்தா” என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை.

இனி நான் உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று. உங்களுக்கு இது தெரியவே கூடாது என்கிறாள் உங்கள் அத்தை, நான் எழுதுவது தெரியாமலே. சொல்லாமலிருந்தால் அது எனக்கு இரண்டாவது குற்றம்.

என் மகள் விவாகரத்து விஷயமாக ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வியாழக்கிழமை காகிதங்களோடு மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் கல்யாணப் பதிவு, இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற ஒரு புகைப்படம். சான்றிதழ்கள் இருக்கின்றன. புகைப்படம்தான் இல்லை. போனில் இருந்ததையெல்லாம் நீங்கள் போன அன்றைக்கே கோபத்தில் அழித்துவிட்டாளாம். கல்யாண ஆல்பம் ஒன்றே ஒன்று. எடுத்த ஸ்டுடியோக்காரர் கடையை மூடிக்கொண்டு போய் வருஷம் ஆறு. பீரோவை இரண்டு முறை கவிழ்த்துத் தேடினாள், ஆல்பம் இல்லை. “அவர்தான் எடுத்துட்டுப் போயிருக்கணும்” என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கலைந்த துணிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அது உண்மையா என்று நான் உங்களைக் கேட்கவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தாள். “அப்பா, உங்ககிட்டதான் அத்தனை படம் இருக்கே. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறது ஒண்ணு எடுத்துக் குடுங்க.” தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை, அவள் கேட்கிற படத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மாமா

---

வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று வியாழக்கிழமை. என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை உங்களுக்குக் கடிதத்தைப் போட்டுவிட்டு நேராக என் மகள் வீட்டுக்குப் போனேன். வாலு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து இரண்டு துண்டை மடித்தேன். பிறகு சொன்னேன்.

அணை வேலைக்கு உத்தரவு வந்த ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் பழைய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் படம் எடுக்கப் போயிருந்ததைச் சொன்னேன். மூன்று வருஷ ஒப்பந்தம், இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் என்னிடம் கேட்டதைச் சொன்னேன். “நல்ல வேலை, விடாதீங்க, கையெழுத்துப் போட்டுடுங்க. அவகிட்ட நான் பேசிக்கறேன். அப்பா சொன்னா கேப்பா” என்று நான் உங்கள் தோளைத் தட்டியதைச் சொன்னேன். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று பத்து நாள் தள்ளிப்போட்டதைச் சொன்னேன். அதற்குள் ரயில் டிக்கெட்டு அவள் கையில் கிடைத்துவிட்டது. கேட்காமல் கொள்ளாமல் முடிவெடுத்துவிட்டு என்னை மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாயா என்று அவள் உங்களிடம் கத்தின அன்றைக்கு, நான் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நீங்களும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில், பெற்ற மகளுக்கு முன்னால் தலைகுனிந்து உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். “அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்” என்றாள். ஆமாம் என்றேன். “எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லியிருக்காரு.” அதற்கும் ஆமாம் என்றேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கத்தான் சொன்னார், வழியை அடைத்தது நான்தான் என்றேன். “அன்னிக்கு ஏன் அவரு இதைச் சொல்லல?” என்று கேட்டாள். அதை நீ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். “நீங்க கிளம்புங்கப்பா” என்றாள்.

இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை வாலு வந்து, “அம்மா உங்ககூட டூ விட்டுட்டாங்க தாத்தா. எப்ப பழம் விடுவாங்கன்னு தெரியாதாம்” என்று செய்தி சொன்னாள். வீட்டில் உங்கள் அத்தையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உங்களுக்கு எழுதுகிற கடிதங்கள் உள்பட. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தது, ஆனால் தட்டு மேஜையில் விழுந்த சத்தம் மூன்றாவது வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்த இரண்டு நாளும் படத்தைத் தேடினேன். ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். ஒன்றுவிடாமல் பார்த்தேன். நீங்கள் இருக்கிற படத்தில் அவள் இல்லை, அவள் இருக்கிற படத்தில் நீங்கள் இல்லை. யாராவது ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், அல்லது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறீர்கள். குற்றம் உங்கள் மேல் இல்லை. கேமரா என் கையில்தான் இருந்தது. எட்டு வருஷத்தில் படிக்கட்டுகள் மட்டும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எடுத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருப்பது ஒன்றே ஒன்று கிடைத்தது. அதுவும் நான் எடுத்ததல்ல.

எங்கள் வீட்டுச் சமையலறை. நீங்கள் ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட் மாட்டுகிறீர்கள். அவள் இரண்டு கையாலும் ஸ்டூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் மேலே பார்க்கிறீர்கள், இரண்டு பேருக்கும் வாய் திறந்திருக்கிறது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, உங்கள் தலை மூக்குக்கு மேலே வெட்டுப்பட்டுவிட்டது. நாலு வயதில் வாலு என் கேமராவை எடுத்து அமுக்கியிருக்கிறாள் போல. அவள் உயரத்துக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

அச்செடுத்து செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பெரியவருக்கு முட்டிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவரை எண்ணிக்கொண்டே மடக்கி நீட்டச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெரியவர் நாற்பது வரைக்கும் போய்விட்டார், பாவம்.

“ஸ்டூல் ஒரு கால் குட்டைப்பா” என்றாள். “ஆடிக்கிட்டே இருந்துச்சு. பிடி, பிடின்னு கத்திக்கிட்டே இருந்தாரு. விட்டா விழுந்திருப்பாரு.” பிறகு, “இதை எப்படி அங்க குடுக்குறது, மூஞ்சியே இல்லையே” என்றாள். வேறு படம் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை, மாப்பிள்ளை. இருந்து மறைத்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நேற்று காலை வழக்கம் போல வாலுவைப் பள்ளியில் விட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனாள். மதியம் வக்கீல் ஆபீசிலிருந்து போன் வந்ததாம். போட்டோ இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாளாம். சாயங்காலம் வாலுவை அழைத்துப்போக வந்தபோது அவளாகவே சொன்னாள், செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். இது முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த வியாழக்கிழமை போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த வியாழக்கிழமை பற்றி எனக்குத் தெரியாது. என்னிடம் இன்னும் சரியாகப் பேசவும் இல்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

என் பெரிய கேமரா அடுத்த வாரம் வந்துவிடும். ஆனாலும் இனி கேமரா பற்றி எனக்கு எழுத வேண்டாம். என்ன எழுதுவதானாலும் அவளுக்கு எழுதுங்கள். படம் வரைந்து அம்புக்குறி போட வேண்டாம். அளந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள் அல்லவா, அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அவளைத் திட்ட வேண்டுமானாலும் எழுதித் திட்டுங்கள். நடுவில் நின்று நான் பேசிக்கொள்கிறேன் என்று இனி ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் அத்தை இதை எழுதுகிறபோது பின்னால் நின்று படித்துக்கொண்டே இருந்தாள். “எழுதறதுதான் எழுதறீங்க, இதையும் எழுதுங்க” என்கிறாள். “வர்றதா இருந்தா முன்கூட்டியே அவகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க. திடீர்னு வந்து வாசல்ல நிக்க வேணாம்.” அவள் வாயிலிருந்து ‘வர்றதா இருந்தா’ என்ற வார்த்தை வந்ததே எனக்குப் பெரிதாகப்பட்டது. அப்படியே எழுதிவிட்டேன்.

நல்லபடியாக இருங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று யோசிக்க வேண்டாம். அது உங்கள் வீடுதான்.

அன்புடன்,
மாமா